கோலா, பையா?



கோவிலுக்குள் நுழையும் முன்பே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கார் நிறுத்துமிடத்தின் கடைசியில், யூக்கலிப்டஸ் மரத்தடியில், ஒரு வெள்ளை வண்டி நிற்கிறது. முகப்பில் கனத்த இரும்புத் தடுப்பு, பக்கவாட்டில் கூரை வரை ஏறும் கறுப்புக் குழாய், பின்கதவுகளில் ஒன்றுக்கு இரண்டாய் ஸ்டெப்னி. பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். திருப்பலி முடிந்ததும் அதை மந்திரிக்கப் போகிறோம். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் வாசலில் என்னைப் பிடித்துக் கேட்டார்: "சுவாமி, ஒரு பழைய வாகனத்துக்கு ஏன் இவ்வளவு ஆயத்தம்?" நியாயமான கேள்வி. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்றைய நற்செய்தியிலேயே இருக்கிறது.

மாற்கு 6-ஆம் அதிகாரம். இயேசு பன்னிருவரையும் இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்புகிறார். என்ன எடுத்துப் போகலாம், என்ன கூடாது என்று ஒரு பட்டியல் கொடுக்கிறார். உணவு வேண்டாம், பை வேண்டாம், இடைக்கச்சையில் காசு வேண்டாம், இரண்டாவது அங்கி வேண்டாம். மத்தேயுவும் லூக்காவும் இதே நிகழ்ச்சியை எழுதும்போது கோலுக்குக்கூட இடம் கொடுக்கவில்லை. மாற்கு மட்டும் கோலையும் மிதியடியையும் அனுமதிக்கிறார். குருமடத்தில் இதைப் படித்தபோது நற்செய்தியாளர்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளில் ஒன்று என்று குறித்துக்கொண்டு போய்விட்டேன். அந்த இரண்டு சொற்களின் அருமை, பல ஆண்டுகள் கழித்து மேற்கு நியூ சவுத் வேல்ஸின் செம்மண் பாதைகளில்தான் எனக்குப் புரிந்தது.

கோலும் மிதியடியும் எதற்கு? நடப்பதற்கு. உணவும் பையும் காசும் எதற்கு? போகிற ஊரில் யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் இருப்பதற்கு. கால் போய்ச் சேர உதவுவதை ஆண்டவர் விட்டுவைத்தார். போய்ச் சேர்ந்த இடத்தில் யாருடைய தயவும் தேவைப்படாமல் நம்மை வைத்திருப்பதை எடுத்துவிட்டார். அதைச் சொன்ன கையோடு, ஒரு வீட்டில் உங்களை ஏற்றுக்கொண்டால் அங்கேயே தங்குங்கள் என்கிறார். பையை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு அந்த வீடு தேவைப்படாது. கட்டுச்சோறு கையில் இருக்கிறவன் திண்ணையிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான்.

இப்போது, அந்தப் பாதைகளில் மறைப்பணிக்கு நாம் அனுப்பப் போகிற வண்டிக்கு வருகிறேன். இது டொயோட்டா லேண்ட்குரூசர் ட்ரூப் கேரியர், 2002-ஆம் ஆண்டு மாடல். ஆஸ்திரேலியர்கள் செல்லமாக 'ட்ரூப்பி' என்பார்கள். நாம் வாங்கும்போது ஓடிய தூரம் 4,60,000 கிலோமீட்டர். அதைக் கேட்டு நம்மில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் உள்ளே இருப்பது 4.2 லிட்டர், 6 சிலிண்டர் டீசல் எஞ்சின். டர்போ கிடையாது, எஞ்சினை ஆளும் கணினி கிடையாது. ஒழுங்காக எண்ணெய் மாற்றி வந்தால் இன்னொரு மடங்கு ஓடும் என்று நம் மெக்கானிக் அண்ணன் சொல்கிறார். புது வண்டியில் ஒரு சென்சார் கெட்டால் நகரத்திலிருந்து கணினியோடு ஆள் வர வேண்டும். இந்த வண்டி கெட்டால் பண்ணையில் இருக்கிற யாரோ ஒருவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். டீசல் டேங்க் இரண்டு, மொத்தம் 180 லிட்டர். நிரப்பினால் 1,000 கிலோமீட்டருக்குமேல் போகலாம். டயரும் பண்ணைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற அளவுதான். அழகான அலாய் சக்கரம் போட வேண்டும் என்று இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள். வெடித்தால் அங்கே மாற்று கிடைக்காது என்றதும் விட்டுக்கொடுத்தார்கள். சிக்கனம் என்பதற்கு நாங்கள் கண்டுபிடித்த பொருள் இதுதான்: போகிற ஊரில் பழுது பார்க்க முடிகிற பொருளை வாங்குவது.

ஏழு மாதமாகச் சனிக்கிழமை தோறும் ஒரு கொட்டகையில் வேலை நடந்தது. வெல்டிங் தெரிந்தவர் ஒருவர், வயரிங் தெரிந்தவர் ஒருவர், ஒன்றும் தெரியாமல் தேநீர் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள் சிலர். முதல் வாசகத்தில் ஆமோஸ் சொல்வதைக் கேட்டோமே, தான் இறைவாக்கினர் குலத்தில் பிறந்தவன் அல்ல, ஆடு மேய்த்து அத்திமரம் பார்த்தவன் என்று. அந்தக் கொட்டகையில் கையெல்லாம் கிரீஸோடு நின்ற நம் சகோதரர்களை நினைத்துக்கொண்டுதான் நான் அந்த வாசகத்தைக் கேட்டேன். மெல்பனில் டாண்டினாங் பக்கத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் நான்கு இருக்கைகளை வாங்கி, தாங்களே வேனில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். அந்த இருக்கைகளைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வேண்டும்.

ட்ரூப் கேரியர் என்ற பெயரே ஆட்களை ஏற்றுவதற்காக வந்தது. பழைய வண்டிகளில் பின்னால் இரு பக்கமும் நீளவாட்டில் பெஞ்சு இருக்கும். மொத்தம் 11 பேர் உட்காரலாம். இன்று இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது அந்தப் பெஞ்சுகளைக் கழற்றுவது. அந்த இடத்தில் கட்டில், இழுப்பறை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, குளிர்சாதனப் பெட்டி, கூரையில் கூடாரம். குடும்பத்தோடு ஊர் சுற்ற அது நல்லதுதான். நான் குறை சொல்லவில்லை. நம்முடைய முதல் வரைபடத்திலும் அதெல்லாம் இருந்தது. யாருக்காக? ஓட்டிக்கொண்டு போகிற குருவுக்காக. உங்களுக்கு என்மேல் இருக்கிற அன்பு அது. அந்த அன்பை எதிர்த்து நான் மூன்று வாரம் வாதாட வேண்டியிருந்தது.

கடைசியில் வாதத்தை முடித்தது ஒரு கணக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் மொத்த எடை வரம்பு ஒன்று உண்டு, இங்கே ஜி.வி.எம். என்பார்கள். அதைத் தாண்டினால் சட்டப்படி குற்றம். அதைவிட, குண்டும் குழியுமான பாதையில் அச்சு முறியும், வில்பட்டை முறியும். வண்டியைக் காலி டேங்கோடு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். இன்னும் ஏறத்தாழ 1,000 கிலோ ஏற்றலாம். ஒரு டன் என்றதும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு பேனாவை எடுத்தோம். இரண்டு டேங்க் டீசல் 150 கிலோ. குடிதண்ணீர் 80 லிட்டர் என்றால் 80 கிலோ. இரண்டு ஸ்டெப்னி 70. மாலை வேளையில் கங்காரு குறுக்கே பாய்ந்தால் ரேடியேட்டரைக் காக்கிற முன் தடுப்பு 60. மண்வெட்டி, ஜாக்கி, இழுவைப் பட்டை, மணலில் சக்கரத்துக்கு அடியில் போடும் தகடுகள், உதிரிபாகம், கருவிப்பெட்டி, முதலுதவி, வானொலி, இரண்டாவது பேட்டரி எல்லாம் சேர்த்து 100. மீதி 540. ஆள் ஒருவருக்கு 80 கிலோ என்று வைத்தால் ஆறு பேருக்கு 480. எஞ்சியது 60 கிலோ. அவ்வளவுதான். ஆறு பேருடைய துணிமணி, சமையல் பாத்திரம், திருப்பலிப் பெட்டி எல்லாம் அந்த 60-க்குள் அடங்க வேண்டும். நாம் ஆசைப்பட்ட கூரைக் கூடாரம் ஒன்றே ஏறத்தாழ அவ்வளவு எடை. மர இழுப்பறை வரிசை அதைவிட அதிகம். ஆக, அந்தக் கூடாரத்தை வைத்தால் ஓர் ஆளை இறக்க வேண்டும். இழுப்பறையையும் வைத்தால் இன்னும் ஓர் ஆளாவது இறங்க வேண்டும்.

கொட்டகையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு தம்பி, எந்தப் பொருளை எடுத்தாலும் என் முகத்தைப் பார்த்து, "ஃபாதர், இது கோலா, பையா?" என்று கேட்க ஆரம்பித்தான். அதுவே எங்கள் வழக்காகிவிட்டது. முரட்டு டயர் கோல். பின் அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக் கோல். செயற்கைக்கோள் தொலைபேசி கோல், ஏனென்றால் அந்தப் பாதைகளில் செல்போன் கோபுரம் பல மணி நேரப் பயணத்துக்கு இருக்காது. காபி இயந்திரம் பை. நிழற்கூரை பை. மின்சார அடுப்பு பை. எனக்கென்று போட நினைத்த மெத்தை பெரிய பை.

அன்பானவர்களே, இந்தக் கணக்கில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்பதை இன்று சொல்லிவிடுகிறேன்.

நான் டார்லிங் ஆற்றோரத்தில் சில ஆண்டுகள் பணி செய்தவன். பார்க்கிஞ்சி என்ற பூர்வகுடி மக்கள் அந்த ஆற்றைப் பாகா என்பார்கள். 1887-இல் தொடங்கிய, அந்தப் பகுதியின் மறைமாவட்டம், இன்றைய வில்கேனியா-ஃபோர்ப்ஸ், மாநிலத்தின் பாதிக்கும் மேல் பரந்தது. நம் தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்கு. அப்போது என்னிடம் இருந்த வண்டி இதைவிட நன்றாக இருந்தது. எல்லாமே இருந்தது. ஒரு குளிர்காலக் காலையில் ஒரு சின்ன ஊரில் திருப்பலி முடித்துக் கிளம்பினேன். ஒரு மூதாட்டி கைப்பையோடு வந்து வண்டியருகே நின்றார். 200 கிலோமீட்டருக்கு அப்பால் அவருடைய தம்பியின் அடக்கம். நானும் அந்தத் திசையில்தான் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கு முன் இருக்கையில் பெட்டிகள். பின்னால் திரும்பிப் பார்க்கவே வேண்டாம், கூரை முட்ட சாமான். "அம்மா, இடம் இல்லையே" என்றேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியில் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், அடுக்கிவைத்த டப்பாக்களைப் பார்த்தார். "எல்லாம் ஒரு ஆளுக்கா, ஃபாதர்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய ஃபோர்டு ஃபால்கன் வந்தது. கதவு ஒன்று மட்டும் வேறு நிறம். உள்ளே ஏற்கெனவே ஐந்து பேர். அவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒரு குழந்தை இன்னொருவர் மடிக்கு மாறியது. மூதாட்டி ஏறிக்கொண்டார். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு எனக்கு முன்னால் போனது. அந்த 200 கிலோமீட்டரும் நான் அந்தப் புழுதிக்குப் பின்னாலேயே ஓட்டினேன். என் பெட்டியில் நற்கருணை இருந்தது. அதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் குரல் தழுதழுக்கிறது.

சில மாதம் கழித்து மழை. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரன். கரிசல் மண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே பர்க் ஊர்ப் பக்கத்திலும் அதே கறுப்பு மண்தான். வெயிலில் வெடித்துக் கிடக்கும், ஒரு தூறல் விழுந்தால் சக்கரத்தில் அப்பம்போல ஒட்டி, சக்கரமே சுற்ற முடியாமல் அடைத்துக்கொள்ளும். தெரிந்தும் போனேன். அச்சு வரை இறங்கிவிட்டது. மண்வெட்டி, தகடு, எல்லாம் போட்டுப் பார்த்தேன். எடை கூடிய வண்டி இன்னும் கீழே போயிற்று. அந்தி சாயும் நேரத்தில் அந்தப் பக்கத்துப் பார்க்கிஞ்சி மனிதர் ஒருவர் நடந்து வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சும்மா விடு, நாளைக்கு வெயில் வரட்டும் என்றார். ஓட்டினால் பாதையும் கெட்டுப்போகும், அந்தப் பாதை இங்கே இருக்கிறவர்களுக்கு வேண்டும் என்றார். அன்றிரவு அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன், அவர் வீட்டில்தான் தூங்கினேன். மறுநாள் மதியம் மண் காய்ந்ததும் அவர் டயரின் காற்றைப் பாதியாக இறக்கினார். காற்றுக் குறைந்தால் டயர் அகன்று படியும், எடை பரவும், மண்ணைக் கிழிக்காமல் அதன்மேல் ஏறும். வண்டி தானாக எழுந்து வந்தது. இரண்டு ஆண்டுகளில் அந்த மக்கள் என்னிடம் அந்த ஓர் இரவில் பேசியதைப் போலப் பேசியதில்லை. என் வண்டியில் இருந்த கட்டில் அன்று சேற்றில் நின்றது.

வண்டி தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. வண்டி உயிர் காக்கும். அதையும் நம் திருஅவை துயரப்பட்டுத்தான் கற்றது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். 1847 முதல் உங்கள் ஊர்களில் பணி செய்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களை உங்கள் பாட்டனார்கள் அறிவார்கள். அதே சபையைச் சேர்ந்த ஜெர்மானியக் குரு பால் ஷூல்ட்டே. முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். அவருடைய நண்பர் ஓட்டோ ஃபூர்மன் ஆப்பிரிக்காவில், இன்றைய நமீபியாவின் வடக்கே, 1925-இல் காய்ச்சலில் இறந்தார். நேரத்தில் மருத்துவரிடம் கொண்டுசேர்க்க வண்டி இல்லை. அந்தத் துக்கத்திலிருந்து ஷூல்ட்டே 1927-இல் மீவா என்ற அமைப்பைத் தொடங்கினார். மறைப்பணித் தளங்களுக்கு வண்டி வாங்கிக் கொடுப்பதே அதன் வேலை, இன்றும் நடக்கிறது. அதற்கும் முன்னால், இலங்கைக்கு 1687-இல் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து இறங்கிய புனித யோசேப் வாஸ் கால்நடையாகவே தீவைச் சுற்றினார்.  அவர் காலத்தில் கோல் போதும். ஃபூர்மனுக்கு அது போதவில்லை.

இந்த நாட்டின் கதையும் அப்படியே. விக்டோரியா மாநிலத்தின் மோலியாகலில் பிறந்த ஜான் ஃபிளின், பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர். 20 டாலர் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. 1912-இல் அவர் தொடங்கிய உள்நாட்டு மறைப்பணியின் போதகர்கள் முதலில் ஒட்டகத்தில் போனார்கள். நம் துணைக்கண்டத்திலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த ஒட்டகக்காரர்கள் அதற்கு முன்பே அந்தப் பாலையைத் திறந்துவிட்டிருந்தார்கள். பர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுடைய சின்னத் தகர மசூதி இன்னும் நிற்கிறது. பிறகு மோட்டார் வந்தது. 1925-இல் ஃபிளின் ஒரு டாட்ஜ் வண்டியில் வானொலிக் கருவியை ஏற்றிக்கொண்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் போனார். கருவிக்கு மின்சாரம் எங்கே? பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, அந்தச் சக்கரத்தின் சுழற்சியில் பெல்ட் மாட்டி மின்சாரம் எடுத்தார்கள். ஓடுவதற்கென்று இருந்த சக்கரம் நின்ற இடத்தில் சுற்றி, தூரத்தில் இருக்கிறவர்களோடு பேச வழிசெய்தது. அந்தத் தேடல்தான் 1928-இல் குளோங்கரியிலிருந்து கிளம்பிய பறக்கும் மருத்துவர் சேவையோடும், 1929-இல் ஆல்ஃபிரட் டிரேகர் செய்து கொடுத்த மிதி வானொலியோடும் போய்ச் சேர்ந்தது. நம் வண்டியின் வானொலியைப் பொருத்தும்போது இதை நம் இளைஞர்களுக்குச் சொன்னேன். ஒருவன் உடனே போய்ப் பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தையும் இங்கே நினைக்க வேண்டும். எருசலேமிலிருந்து காசாவுக்கு இறங்கும் பாலைநிலப் பாதையில் போ என்று பிலிப்புக்குக் கட்டளை வருகிறது. அவரிடம் வண்டி இல்லை. ஓடுகிறார். தேர் வைத்திருப்பவர் எத்தியோப்பிய நிதியமைச்சர். இறைவாக்கினர் எசாயாவின் ஏட்டைக் கையில் வைத்திருப்பவரும் அவர்தான். கேள்வியும் அவருடையதே. பிலிப்பு செய்ததெல்லாம், ஏறி உட்காரச் சொன்னபோது ஏறி உட்கார்ந்தது. அந்தத் தேரில் ஒரு காலி இடம் இருந்தது, அதனால் நற்செய்தி ஏறியது. பாதையோரத் தண்ணீரைக் கண்டுபிடித்துக் காட்டியதும் பிலிப்பு அல்ல, அந்த மனிதர்தான். பாலைவனத்தில் தண்ணீர் எங்கே என்று வழிப்போக்கருக்குத் தெரியும், போதகருக்குத் தெரிய வேண்டுமென்பதில்லை.

அதைப் போலத்தான், பூர்வகுடிகளான வால்பிரி மக்களின் யுவெண்டுமு ஊரிலிருந்து 'புஷ் மெக்கானிக்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் 2001-இல் வந்தது. பஞ்சரான டயருக்குள் ஸ்பினிஃபெக்ஸ் புல்லை இறுக அடைத்து ஓட்டிக்கொண்டு போவார்கள். பாலைநிலத்தில் குறைந்த செலவில் வண்டி ஓட்டுவது எப்படி என்று நாம் யாருக்காவது கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணம் இருந்தால், அதை இந்தக் கார் நிறுத்துமிடத்திலேயே இறக்கிவைத்துவிட்டுப் போவோம். அதற்கும் எடை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கடினமானது. சென்ற ஞாயிறு பூர்வகுடி மக்கள் ஞாயிறைக் கொண்டாடினோம். அந்த மக்களின் முகாமுக்குள் வெளியிலிருந்து வண்டி ஒன்று வந்தால் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டு நாம் அங்கே போக முடியாது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போக அரசு அலுவலர் வண்டி வருகிறது என்றால் தாய்மார் பிள்ளைகளைப் புதருக்குள் ஒளித்துவைத்தார்கள். நிறம் வெளுத்த பிள்ளையைக் கரியைப் பூசி மறைத்தார்கள். பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளில் பலர் போய்ச் சேர்ந்த இல்லங்களை நடத்தியவை திருச்சபைகள். நம் திருஅவையும் அதில் இருந்தது. 1997-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை இதையெல்லாம் ஏட்டில் ஏற்றியது. 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன வண்டிகளிலும் காலி இருக்கை இருந்தது. ஆகவே காலி இருக்கை மட்டும் போதாது. யார் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? ஈழத்திலிருந்து வந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆட்களைக் கடத்த வந்த வண்டிகளால், வெள்ளை வண்டி என்ற சொல் உங்கள் வீடுகளில் எந்த அச்சத்தோடு சொல்லப்பட்டது என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நம் வண்டியும் வெள்ளைதான். மறு பெயிண்ட் அடிக்கப் பணம் இல்லை. அதனால்தான் அதன் பின் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்ட வேண்டாம் என்றேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரிய வேண்டும்.

சிட்னிக்காரர்களாகிய நாம் பெருமையோடு நினைக்கக்கூடிய ஒரு வண்டியும் உண்டு. மேற்குப் பாலைநிலத்தில் கிண்டோர், கிவிர்குரா ஊர்களின் முதியவர்கள் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்காக 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய் வாழ வேண்டியிருந்தது. சொந்த மண்ணில் சாக வழியில்லை. அந்த ஊர்களின் பப்புன்யா டூலா ஓவியர்கள் ஓவியம் தீட்டினார்கள். 2000 நவம்பரில் இதே சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில், அவை ஏலம் போயின. 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் பர்ப்பிள் ஹவுஸ் என்ற டயாலிசிஸ் அமைப்பு. 2011 முதல் அவர்களிடம் ஒரு ஊதா நிற லாரியும் இருக்கிறது. அதற்குள் டயாலிசிஸ் நாற்காலி இரண்டு. அடக்கத்துக்கோ சடங்குக்கோ ஊர் திரும்ப வேண்டியவர்களுக்காக அந்த லாரி அவர்கள் ஊருக்கே போய் நிற்கிறது. தங்களை ஊருக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு அந்த மக்களே வழி செய்துகொண்டார்கள். நாம் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்கள். 1986-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பூர்வகுடி மக்களின் பங்களிப்பை மகிழ்ச்சியோடு ஏற்கும்வரை இந்த நாட்டுத் திருஅவை முழுமை அடையாது என்ற பொருளில் பேசினார். நாம் ஏற்பது என்றார், நாம் கொடுப்பது என்று சொல்லவில்லை.

வண்டி செவ்வாய்க்கிழமை கிளம்புகிறது. பர்க் வரை 770 கிலோமீட்டர், அதற்கு மேல் மண்பாதை. அன்னை தெரசாவின் சகோதரிகள் 1969-இல் இந்த நாட்டில் முதல் இல்லம் தொடங்கியது சிட்னியிலோ மெல்பனிலோ அல்ல, அந்தப் பர்க்கில்தான். மழை பெய்து பாதை மூடியிருந்தால் ஓட்டுகிறவர்கள் காத்திருப்பார்கள்; மூடிய பாதையில் ஓட்ட மாட்டார்கள். யாருடைய நிலத்துக்குள் போகிறோமோ அவர்களிடம் முதலில் கேட்பார்கள். இருக்கைகளையும் பெல்ட்டுகளையும் பொறியாளர் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டார், ரெஜோ என்கிற வண்டிப் பதிவும் வந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு பின்சுவரில் ஒட்டியிருக்கிறது, ஒவ்வொரு டாலரும் இருக்கிறது, வந்து பாருங்கள். ஏதாவது பொருள் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து முதலில் அதை எடை போடுங்கள்.

திருப்பலி முடிந்ததும் எல்லோரும் மரத்தடிக்கு வாருங்கள். தீர்த்தம் தெளிப்பதற்கு முன் நம் பங்கின் மூத்தவர்கள் நான்கு பேர் பின்னால் ஏறி உட்கார வேண்டும். படி உயரம், பிள்ளைகள் கைகொடுங்கள். வாசலில் கேள்வி கேட்ட ஐயா, சன்னல் ஓரத்தில் நீங்கள் உட்காருங்கள். முன்னால் இரண்டு பேர். ஆறு பேரும் உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகு, நான் மெக்கானிக் அண்ணனோடு பின்சக்கரத்தருகே குனிந்து, அந்த வில்பட்டைகள் எத்தனை விரற்கடை தாழ்கின்றன என்று பார்க்கப் போகிறேன்.